பெட்டி பெட்டியாக விளையாட்டு கார்டுகள்: விலை போட்டதும் விற்றதும் (மூன்று பேர் அனுபவம்)

சித்தப்பா ஆயுசு முழுக்கச் சேர்த்த பேஸ்பால், கூடைப்பந்து கார்டுகள், அதாவது ஆட்டக்காரர்களின் படம் அச்சடித்துச் சேகரிப்பவர்களுக்கு விற்கும் அட்டைகள், என் பொறுப்புக்கு வந்தன. ஐயாயிரம் கார்டு பிடிக்கும் நீள அட்டைப் பெட்டிகள், ஒரு சுவர் முழுக்க. பார்த்தவர்கள் எல்லாரும் "பெரிய தொகை தேறும்" என்றார்கள். பெட்டிகளின் மேல் எழுதியிருந்த வருடங்களைப் படித்ததுமே எனக்குப் பாதி ஆசை வடிந்துவிட்டது. 1988, 1989, 1990, 1991. டாப்ஸ், டான்ரஸ், ஃப்ளீர், ஸ்கோர், அப்பர் டெக் என்று எல்லாக் கம்பெனியும் போட்டி போட்டு அச்சடித்துத் தள்ளிய காலம் அது. வாங்கியவர்களும் பின்னால் விலை ஏறும் என்று ஒன்று விடாமல் பத்திரப்படுத்திவிட்டார்கள். எல்லார் வீட்டிலும் இருக்கிற பொருளுக்கு யார் காசு கொடுப்பார்? பேஸ்பால் வீரர் மிக்கி மேன்டிலின் 1952 டாப்ஸ் கார்டு ஒன்று 2022இல் 1.26 கோடி டாலருக்குப் போனதென்றால் அதற்குக் காரணம் வேறு: அந்தக் காலத்துப் பிள்ளைகள் கார்டை வைத்து விளையாடித் தேய்த்தார்கள், தாய்மார்கள் குப்பையில் போட்டார்கள். அதனால் நல்ல நிலையில் மிஞ்சியது கொஞ்சம்தான்.

ஒவ்வொரு கார்டுக்கும் விலை தேட உட்கார்ந்தால் வருடக்கணக்கில் ஆகும். அதனால் முதலில் ஆளைப் பார்த்துப் பிரித்தேன். பெரிய பெயர்களின் ரூக்கி கார்டுகள் (ஆட்டக்காரர் புதிதாக வந்தபோது போட்டவை) ஒரு பக்கம், 1980க்கு முந்தையவை எல்லாம் ஒரு பக்கம், மற்றது அத்தனையும் காமன், அதாவது யாரும் தேடாத சாதாரணக் கார்டு. முதல் இரண்டும் சேர்ந்து ஒரு ஷூ பெட்டியில் அடங்கிவிட்டன. மொத்த மதிப்பும் அதில்தான் இருந்தது.

அப்புறம் ஒரு டீலர் வந்தார். நான் தட்டச்சு செய்து வைத்திருந்த பட்டியலைத் தொடவே இல்லை. ஷூ பெட்டியை விளக்குக்குக் கீழே இழுத்து, ஒவ்வொரு கார்டையும் ஸ்லீவ் என்கிற மெல்லிய பிளாஸ்டிக் உறையிலிருந்து பாதி உருவி, மெல்லச் சாய்த்துப் பார்த்தார். வெளிச்சம் வழுக்கும்போதுதான் மேல்பரப்பின் கீறல் தெரியுமாம். நான்கு மூலைகள், விளிம்பு, நான்கு பக்க ஓரமும் சமமாக இருக்கிறதா, பின்பக்கம். ஒரு கார்டுக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. பேஸ்பால் வீரர் கென் கிரிஃபி ஜூனியரின் 1989 அப்பர் டெக் கார்டு, அந்த செட்டின் முதல் எண் கார்டு, அதை மட்டும் இரண்டு தடவை பார்த்துவிட்டு, "தரம் பார்க்க அனுப்பினால் பத்துக்கு ஒன்பதுதான் வரும், பத்து வராது" என்று கீழே வைத்தார். அந்த ஒரு படிக்கு எவ்வளவு விலை வித்தியாசம் என்று தெரிந்தவர்களுக்கு அந்த வாக்கியம் எப்படி வலிக்கும் என்பதும் தெரியும்!

ஷூ பெட்டிக்கு மட்டும் ஒரு தொகை சொன்னார். கொடுத்தால் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் கொடுப்பேன் என்றேன். முகம் சுளித்தார், தொகையைக் கொஞ்சம் குறைத்தார், வேன் கொண்டுவந்து எல்லாவற்றையும் ஏற்றிப் போனார். தனித்தனியாக விற்றிருந்தால் இன்னும் கிடைத்திருக்கும்தான். காமன் பெட்டிகளோடு நான் மல்லுக்கட்டத் தயாராக இல்லை.

*

நான் நேர் எதிர். மொத்தமாகக் கொடுக்க மனசு வரவில்லை, ஒவ்வொன்றாக இபேயில் போட்டேன். விலை போடுவதற்கு ஒரே வழி, விற்று முடிந்தவற்றின் பட்டியல். கேட்கிற விலையைப் பார்த்து மயங்காதீர்கள், யார் வேண்டுமானாலும் என்ன வேண்டுமானாலும் கேட்கலாம். விற்ற பட்டியலிலும் ஒரு சூட்சுமம் உண்டு: பேரம் பேசி முடிந்த விற்பனையில் கோடு போட்டு அடித்துக் காட்டியிருக்கும் விலை கேட்டதுதான், கொடுத்தது அதைவிடக் கம்மி.

தேதியையும் பாருங்கள். 1986-87 ஃப்ளீர் மைக்கேல் ஜோர்டன் கார்டு, பிஎஸ்ஏ என்கிற தரம் பார்க்கும் கம்பெனி பத்துக்குப் பத்து போட்டது, 2021 ஜனவரியில் 7,38,000 டாலருக்குப் போனது. ஒரு வருடத்துக்குள் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. ஜனவரி விலையைச் சொல்லிக்கொண்டு டிசம்பரில் உட்கார்ந்திருந்தால் ஈ ஓட்ட வேண்டியதுதான்.

அந்த ஜோர்டன் கார்டு உங்கள் பெட்டியில் கிடைத்தால் துள்ளிக் குதிக்கும் முன் ஒரு பூதக்கண்ணாடி எடுங்கள். போலி ஏராளம். அசல் அச்சில் எழுத்தின் கறுப்பு ஒரே சீராக, நிறைவாக இருக்கும். ஸ்கேன் செய்து அடித்ததில் எழுத்துக்குள்ளேயே புள்ளி புள்ளியாகத் தெரியும். என்னிடம் ஒருவர் அப்படி ஒன்றை விற்கவே வந்தார், கண்ணாடி வழியாக அவரையே பார்க்கச் சொன்னேன். பேசாமல் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

கமிஷன், தபால், உறை எல்லாம் போக, மலிவான கார்டில் கையில் ஒன்றும் நிற்காது. அவற்றை டீம் வாரியாகக் கட்டு கட்டி விற்றேன். தன் டீம் என்றால் ரசிகன் காமன் கார்டுக்கும் காசு கொடுப்பான்.

*

கம்பெனிக்கு அனுப்பிக் கார்டுக்குப் பத்துக்கு இத்தனை என்று தரம் போடவைக்கும் கிரேடிங் பற்றி யாரும் சொல்லவில்லையே. எல்லாவற்றையும் அனுப்பாதீர்கள். கட்டணம் கார்டு ஒன்றுக்கு. எட்டு வந்தாலும் கட்டணம் போக லாபம் நிற்குமா என்று கணக்குப் போட்டு, நின்றால் மட்டும் அனுப்புவேன். பத்து வரும் என்று நம்பி அனுப்புவது சூதாட்டம். காத்திருப்பும் உண்டு; 2021 மார்ச்சில் குவிந்த கார்டுகளைச் சமாளிக்க முடியாமல் பிஎஸ்ஏ பெரும்பாலான சேவைகளை நிறுத்தியே வைத்தது.

ஸ்க்ரூ போட்டு முறுக்கும் பழைய பிளாஸ்டிக் பெட்டிகளில் இருக்கும் கார்டுகளைத் தனியாகப் பாருங்கள். இறுக்கம் தாங்காமல் சில கார்டுகள் நசுங்கித் தட்டையாகியிருக்கும். கிரேடிங்கில் அதைத் திருத்திய கார்டு என்று ஒதுக்கிவிடவும் கூடும். என்னிடம் ஒருவர் பெருமையாக நீட்டிய கார்டில் நான்கு மூலைகளும் கத்தி போல இருந்தன, ஆனால் பக்கவாட்டில் பார்த்தால் காகிதம் மாதிரி மெலிந்திருந்தது. நான் வாங்கவில்லை. அனுப்பும்போது ஸ்லீவில் போட்டு டாப்லோடர் என்கிற கெட்டி பிளாஸ்டிக் உறையில் வையுங்கள், அதன் வாயை எளிதாகப் பிரியும் பெயின்டர் டேப்பால் ஒட்டி நுனியை மடித்து விடுங்கள். சாதா டேப் என்றால், கார்டை வாங்கியவர் அதைப் பிய்க்கிற அவசரத்தில் கார்டின் மூலை போய், பணத்தைத் திருப்பிக் கேட்பார்.