நெய் ரோஸ்ட்டுக்குப் பிறகு சர்க்கரை இல்லாத காபி: இதுதான் கட்டுப்பாடா?

காலை நடையாளி:
எடைக் குறைப்பு இழையில் பித்தளை டபரா நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. படிக்காதவர்களுக்காக அதை அப்படியே தருகிறேன்: "ஹோட்டலுக்குப் போனதும் டயட்டை விடுகிறவர்களுக்கு மன உறுதி கிடையாது. நான் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போனேன். நெய் ரோஸ்ட், ஒரு மெதுவடை. ஆனால் காபியில் சர்க்கரை போடவில்லை. அதற்குப் பெயர்தான் ஒழுக்கம்."

ஐயா, அந்த நெய் ரோஸ்ட் எப்படி வந்திருக்கும் என்று எனக்குத் தெரியாதா? கூம்பாக நிமிர்ந்து நிற்கும். அடியில் இருக்கிற வாழை இலைத் துண்டில் நெய் தேங்கியிருக்கும். கடைசி விள்ளலால் அதையும் வழித்திருப்பீர்கள். அப்புறம் காபி வரும்போது மட்டும் தம்ளர்மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டு, "சர்க்கரை வேண்டாம்ப்பா." இரண்டு ஸ்பூன் சர்க்கரை 10 கிராம், அதாவது 40 கலோரி. நெய் ஒரு டீஸ்பூனே 45 கலோரி.

நான் கேட்க வந்தது இதுதான். வாரம் முழுக்க வீட்டில் கொள்ளும் சுண்டலுமாக இருக்கிற நாம், ஹோட்டல் படியேறியதும் ஏன் இப்படி ஆகிவிடுகிறோம்? யோசித்துப் பதில் சொல்லுங்கள்.

பித்தளை டபரா:
என் பெயரைப் போட்டே இழை திறந்ததற்கு நன்றி. அந்தக் காபியில் சர்க்கரை இல்லை. இதை மறுக்க முடியுமா? முடியாது. மீதியெல்லாம் வயிற்றெரிச்சல்.

மருதமலையான்:
நான் கேள்விக்கு வருகிறேன். ஜான் டி காஸ்ட்ரோ என்ற அமெரிக்க உளவியலாளர், சாதாரண ஆட்களைத் தினமும் என்ன சாப்பிட்டோம், யாரோடு சாப்பிட்டோம் என்று குறித்துவைக்கச் சொன்னார். 1989இல் வந்த கட்டுரை. தனியாகச் சாப்பிட்ட வேளையைவிட மற்றவர்களோடு சாப்பிட்ட வேளை 44 சதவீதம் பெரிதாக இருந்தது. கூட்டம் சேர்ந்தால் உட்கார்ந்திருக்கும் நேரம் நீள்கிறது, கை தட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. ஹோட்டலுக்குத் தனியாகப் போகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்? மன உறுதியைப் பற்றிப் பேசுமுன் மேசையில் எத்தனை நாற்காலி என்று பார்க்க வேண்டும்.

பித்தளை டபரா:
44 சதவீதம் கூடச் சாப்பிட்ட அமெரிக்கர்கள் காபியில் சர்க்கரை போட்டார்களா, போடவில்லையா? அதைச் சொல்லவில்லையே. என் மேசையில் ஆறு பேர். ஐந்து பேர் சர்க்கரை போட்டார்கள். நான் போடவில்லை. கூட்டத்தில் இருந்துகொண்டே போடவில்லை. அப்படியென்றால் உங்கள் டி காஸ்ட்ரோ என்னிடம் தோற்றுவிட்டார்.

வெண்பொங்கல் வித்யா:
நான் சொல்வதை ஒரு நிமிடம் கேளுங்கள். வீட்டில் என் தட்டில் என்ன விழ வேண்டும் என்று முடிவு செய்கிறவள் நான். சமைக்கிறவளும் நான்தான். எல்லாருக்கும் தோசை ஊற்றி முடித்து, அடுப்படியில் நின்றபடியே கடைசித் தோசையைப் பிய்த்துப் போட்டுக்கொள்ளும்போது ஆசையே செத்துப்போயிருக்கும். அளவாகச் சாப்பிடுவதில் என்ன சாமர்த்தியம்? ஹோட்டலில் நான் உட்கார்ந்திருக்கிறேன். சூடாக வருகிறது. "அம்மா, ஒரு தோசை" என்று யாரும் என்னை எழுப்புவதில்லை. இரண்டாவது தோசை அதனால்தான் இறங்குகிறது. அது பசியுமில்லை, மன உறுதி இல்லாமையும் இல்லை. இதுவரை எழுதிய ஆண்களில் எத்தனை பேர் வாரத்தில் ஒருநாளாவது தோசைக்கல் முன்னால் நின்றிருக்கிறீர்கள்?

பித்தளை டபரா:
மேடம், எங்கள் வீட்டில் காபி போடுகிறவன் நான்தான். அதிலும் சர்க்கரை கிடையாது.

வெண்பொங்கல் வித்யா:
நான் தோசையைப் பற்றிக் கேட்டேன்.

கம்பங்கூழ்:
மருதமலையான் அண்ணா, அடியில்லாத சூப் கிண்ணம் என்று ஒரு சோதனை உண்டே. மேசைக்குக் கீழே குழாய் வைத்து, கிண்ணம் குறையாமல் சூப் ஏறிக்கொண்டே இருக்கும்படி செய்தார்கள். குடித்தவர்கள் வழக்கத்தைவிட அதிகம் குடித்தார்கள், ஆனால் அதிகம் குடித்ததாகவே அவர்களுக்குத் தோன்றவில்லை. நம் ஊரில் அந்தக் குழாய் வேலையைச் சாம்பார் வாளி செய்கிறது. இட்லி முடிவதற்குள் சாம்பார், சாம்பார் மிஞ்சியதால் இன்னொரு வடை.

மருதமலையான்:
தம்பி, அது பிரையன் வான்சிங்க் என்ற அமெரிக்க ஆய்வாளரின் வேலை. அவர் வேலை பார்த்த கார்னெல் பல்கலைக்கழகமே விசாரித்து, ஆய்வில் முறைகேடு என்று 2018இல் சொன்னது. அதே மாதம் அவருடைய ஆறு கட்டுரைகளை ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழ்கள் ஒரே நாளில் திரும்பப் பெற்றன. அந்த ஆளை இங்கே இழுக்காதீர்கள்.

கம்பங்கூழ்:
சூப் கட்டுரை அந்த ஆறில் உண்டா? அதைச் சொல்லுங்கள். சும்மா ஆளைப் பிடித்து அடித்தால் போதுமா? இதே குழுவில் போன மாதம் என் கம்பு மாவுப் பதிவையும் இப்படித்தான் "ஆதாரம் எங்கே" என்று கேட்டு அமுக்கினீர்கள். மறக்கவில்லை.

மருதமலையான்:
கம்பு சாப்பிட்டால் முடி வளரும் என்று எழுதினால் கேட்கத்தான் செய்வேன்.

கம்பங்கூழ்:
எனக்கு வளர்ந்தது.

பித்தளை டபரா:
நடுவர் இல்லாத சண்டை. நான் நடுவராக வருகிறேன். கம்பில் சர்க்கரை இருக்கிறதா? என் காபியில் இருக்கிறதா?

சுகர் சுந்தரம்:
வயதில் மூத்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். சர்க்கரை வியாதியோடு வெகுகாலமாகக் குடும்பம் நடத்துகிறவன். டபரா தம்பி, ரத்தத்துக்குச் சர்க்கரை டப்பாவிலிருந்து மட்டும் சர்க்கரை வருவதில்லை. தோசை மாவு அரிசி. அந்த அரிசி உள்ளே போய் குளுக்கோஸாகத்தான் மாறும். 2023இல் வந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐசிஎம்ஆர்) ஆய்வில் நம் நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்றார்கள், இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள். அவர்களில் பாதிப் பேர் ஹோட்டலில் "சுகர் இல்லாம ஒரு காபி" என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள் என்பது என் ஊகம். நானும் அப்படிச் சொல்கிறவன்தான். ஆனால் அதற்கு முன்னால் பூரி செட் சொல்வதில்லை.

பித்தளை டபரா:
ஐயா, மரியாதையோடு சொல்கிறேன். நீங்கள் டாக்டர் சொன்னதால் சர்க்கரையை விட்டீர்கள். நான் யாரும் சொல்லாமல் விட்டேன். இரண்டும் ஒன்றா?

சுகர் சுந்தரம்:
ஒன்றில்லைதான். எனக்காவது மாதம் ஒருமுறை ரத்தம் எடுத்து உண்மையைச் சொல்ல ஆள் இருக்கிறது.

பேலியோ பாண்டி:
இவ்வளவு பேர் எழுதியும் ஒருத்தர்கூட உண்மையைத் தொடவில்லை. நெய் பிரச்சினையே இல்லை. நெய் தாராளமாகச் சாப்பிடலாம். தோசையைத்தான் விட வேண்டும். டபரா சார் சர்க்கரையை விட்டது சரி, நெய்யைத் தொட்டதும் சரி, இடையில் மாட்டிக்கொண்ட மாவுதான் தப்பு.

பித்தளை டபரா:
கேட்டீர்களா! மூன்றில் இரண்டு சரி. 66 மதிப்பெண். முதல் வகுப்பு.

காலை நடையாளி:
பாண்டி, நெய் ரோஸ்ட்டில் ரோஸ்ட்டை விட்டுவிட்டு நெய்யை மட்டும் கொண்டுவரச் சொல்ல முடியுமா? எந்தச் சர்வரிடம்?

பேலியோ பாண்டி:
ஆம்லெட் சொல்லலாமே.

காலை நடையாளி:
அது சைவ ஹோட்டல்.

பேலியோ பாண்டி:
அங்கே ஏன் போனீர்கள் என்பதுதான் என் கேள்வி.

மருதமலையான்:
விளையாட்டு போதும். டபரா சாருக்காகவே செய்தது போல ஒரு ஆய்வு இருக்கிறது. அலெக்சாண்டர் செர்னெவ், நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம், 2011. ஒரு பர்கரைக் காட்டி இதில் எத்தனை கலோரி என்று கேட்டார்கள். வேறு சிலருக்கு அதே பர்கர், பக்கத்தில் செலரி என்ற கீரையின் தண்டு வைத்துக் காட்டினார்கள். செலரி சேர்ந்தால் கலோரி கூடத்தானே வேண்டும்? மக்கள் 100 கலோரிக்கு மேல் குறைத்துச் சொன்னார்கள். எடையைப் பற்றி அதிகம் கவலைப்படுகிறவர்கள்தான் இதில் அதிகமாக ஏமாந்தார்கள். நல்ல பொருள் ஒன்று தட்டில் விழுந்ததும் அது பக்கத்தில் இருப்பதையும் சுத்தப்படுத்திவிடுவதாக மனம் நினைக்கிறது. உங்கள் காபி அந்தச் செலரித் தண்டு.

பித்தளை டபரா:
முதலில், காபி செலரி அல்ல. இரண்டாவது, செலரி என்பதை நான் பார்த்ததே இல்லை, நீங்களும் கோயம்புத்தூரில் பார்த்திருக்க மாட்டீர்கள். மூன்றாவது, அவர்கள் செலரியைச் சேர்த்தார்கள். நான் சர்க்கரையை நீக்கினேன். சேர்ப்பதற்கும் நீக்குவதற்கும் வித்தியாசம் தெரியாதவரோடு என்ன பேசுவது? அந்தக் காபியில் சர்க்கரை இல்லை.

மருதமலையான்:
கோயம்புத்தூரில் செலரி கிடைக்கும் சார். உழவர் சந்தைக்கு வெளியே ஒருநாள் நடந்து பாருங்கள். உங்கள் கும்பகோணத்தைத் தாண்டியும் காய்கறி விளைகிறது.

பித்தளை டபரா:
கும்பகோணத்தை இழுத்தால் நான் சும்மா இருக்க மாட்டேன். உங்கள் ஊர்க் காபியில் பாதி சிக்கரி.

மருதமலையான்:
சிக்கரி எவ்வளவு என்று பாக்கெட்டிலேயே போட்டிருக்கும். படித்துவிட்டுப் பேசுங்கள்.

வெண்பொங்கல் வித்யா:
சிக்கரிக்குப் பத்து பதில் வரும், நான் எழுதியதற்கு ஒன்றும் வராது. சரி.

சுகர் சுந்தரம்:
வித்யா அம்மா, நீங்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. என் வீட்டுக்காரி ஹோட்டலில் கேட்டு வாங்குவது ரவா தோசை மட்டும்தான். வீட்டில் செய்யத் தெரியாமல் இல்லை. சுற்றி ஊற்றிக்கொண்டு நிற்க வேண்டும், அதனால்.

வெண்பொங்கல் வித்யா:
நன்றி ஐயா. அவர் ஊற்றுவதற்குப் பதில் நீங்கள் ஒருநாள் ஊற்றலாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கம்பங்கூழ்:
ஒரு தகவல். பத்து அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் வைத்திருக்கிற ஹோட்டல்கள் மெனுவில் ஒவ்வொரு பண்டத்துக்கும் கலோரி போட வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 விதி சொல்கிறது. 2022இலிருந்து அமல். நான் போகிற இடங்களில் யாரும் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்து நான் கண்டதில்லை. விலை இருக்கிற பக்கத்தை மட்டும் எல்லாரும் பார்க்கிறார்கள். 90 ரூபாய் தோசைக்கும் 110 ரூபாய் நெய் ரோஸ்ட்டுக்கும் 20 ரூபாய்தான் வித்தியாசம் என்று தெரிந்ததும் முடிவு எடுக்கப்பட்டுவிடுகிறது. வீட்டிலிருந்து கிளம்பி, வண்டியை நிறுத்த இடம் தேடி, வரிசையில் நின்று பேர் கொடுத்து, அப்புறம் போய் இரண்டு இட்லி சாப்பிட்டால் நஷ்டக் கணக்காகத் தோன்றும். நமக்கு வயிறு கணக்குப் போடுவதில்லை, பர்ஸ் போடுகிறது.

காலை நடையாளி:
இதைத்தான் எதிர்பார்த்தேன். அப்புறம் ஒன்று, ஹெர்மன், மேக் என்ற உளவியலாளர்கள் இருவரும் 1975இல் வெளியிட்ட சோதனை. டயட்டில் இருக்கும் மாணவிகளுக்கு முதலில் மில்க் ஷேக் கொடுத்து, பிறகு ஐஸ்கிரீம் எவ்வளவு வேண்டுமோ சாப்பிடச் சொன்னார்கள். மில்க் ஷேக் குடித்தவர்கள் குடிக்காதவர்களைவிட அதிக ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள். டயட் இல்லாதவர்கள் நேர்மாறாக, குறைவாகச் சாப்பிட்டார்கள். "எப்படியும் இன்று கெட்டுப்போச்சு, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்ற மனசு. டபராவின் வடை அப்படி வந்த வடைதான். ரோஸ்ட் சொன்னதும் நாள் முடிந்துவிட்டது.

பித்தளை டபரா:
நாள் முடிந்துவிட்டது என்றால் காபியில் சர்க்கரையையும் போட்டிருப்பேனே? போடவில்லையே! உங்கள் ஹெர்மன் கணக்குப்படி நான் மூன்று ஸ்பூன் போட்டிருக்க வேண்டும். நீங்கள் கொண்டுவரும் ஒவ்வொரு ஆய்வும் எனக்கே சாட்சி சொல்கிறது. வடையைப் பற்றிச் சொல்கிறேன், அது நான் கேட்டதல்ல. "சூடா இருக்கு சார், வைக்கவா?" என்றார். வேண்டாம் என்று சொல்வதற்குள் வைத்துவிட்டார்.

பேலியோ பாண்டி:
வைத்ததைத் திருப்பிக் கொடுக்கலாம்.

பித்தளை டபரா:
இலையில் வைத்ததையா? எந்த ஊர் ஆள் நீ?

வெண்பொங்கல் வித்யா:
காபியிலிருந்த பால் யாருக்குமே கண்ணில் படவில்லையா? ஆரஞ்சுப் பாக்கெட் ஆவின் என்றால் அதில் 6 சதவீதம் கொழுப்பு. ஹோட்டலில் அதைவிடத் தண்ணீர்ப் பாலா ஊற்றுவார்கள்?

பித்தளை டபரா:
பால் வேறு, சர்க்கரை வேறு. நான் பாலைப் பற்றி எதுவும் உரிமை கொண்டாடவில்லை.

காலை நடையாளி:
சரி, கடைசியாக ஒன்று. நான் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். போன முறை இந்தக் குழுவில் எல்லாரும் சேர்ந்து பஃபே போனோமே, அங்கே "நான் டயட், எனக்கு சூப் மட்டும் போதும்" என்று தனி பில் போடச் சொன்னவர் யார்? சூப்போடு நின்றாரா? என் தட்டிலிருந்து இரண்டு பனீர் டிக்கா, மருதமலையான் தட்டிலிருந்து ஜிலேபி.

மருதமலையான்:
ஜிலேபி முழுசு. பாதி இல்லை. சர்க்கரைப் பாகில் ஊறிய ஜிலேபி.

பித்தளை டபரா:
நாம் பேசிக்கொண்டிருப்பது காபியைப் பற்றி. ஜிலேபி வேறு சந்தர்ப்பம். மேலும் அது ருசி பார்த்தது, சாப்பிட்டது ஆகாது.

சுகர் சுந்தரம்:
எனக்கும் அந்தக் கணக்கைச் சொல்லிக்கொடு தம்பி. டாக்டரிடம் போய்ச் சொல்கிறேன்.

காலை நடையாளி:
பஃபேயில் தட்டு பகிரக் கூடாது என்று அந்த மேலாளர் நம் மேசைக்கு வந்து எல்லார் முன்னாலும் சொன்னார். கடைசியில் உங்களுக்கும் முழு பில் போட்டார்கள். அதை நாங்கள் ஐந்து பேர் பங்கு போட்டுக் கட்டினோம்.

பித்தளை டபரா:
என் பங்கு 180 ரூபாயை அன்றைக்கே நான் கம்பங்கூழுக்கு ஜிபே செய்துவிட்டேன்.

கம்பங்கூழ்:
எனக்கு வரவில்லை.

பித்தளை டபரா:
அனுப்பினேன். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன்.

கம்பங்கூழ்:
போடுங்கள் இங்கே.

பித்தளை டபரா:
பழைய போனில் இருக்கிறது. நீ முதலில் கம்பு சாப்பிட்டு வளர்ந்த முடியின் படத்தைப் போடு, பிறகு நான் போடுகிறேன்.