உதவி: 256 எம்பி ராம் இருந்தும் டாஸ் நிரல் "மெமரி போதாது" என்கிறது

மரப்பெட்டி (இரவு 9:12)

அவசரம். அப்பாவின் புத்தகப் பட்டியல் நிரல் ஒன்று இருக்கிறது, விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளமான டாஸ் காலத்தது. அவருடைய நண்பர் எழுதிக் கொடுத்தது. கறுப்புத் திரை, மஞ்சள் எழுத்து, எஃப்2 அழுத்தினால் தேடும். போன வாரம் வரை ஓடியது. இப்போது சொடுக்கினால் ஒரு நொடி திறந்து, "நாட் எனஃப் மெமரி" என்று ஒரே ஒரு வரி காட்டிவிட்டு மூடிக்கொள்கிறது. கணினியில் இருப்பது 256 எம்பி. நிரலோ 300 கேபி கூட இல்லை! எங்கே போய் எதை மாற்ற வேண்டும்? காலைக்குள் பட்டியலை அச்செடுத்தாக வேண்டும்.

நீலத்திரை (9:20)

எந்த விண்டோஸ் என்று சொல்லவே இல்லையே. 64 பிட் விண்டோஸ் என்றால் இந்த மாதிரி 16 பிட் டாஸ் நிரல் ஓடவே ஓடாது, பேச்சே வேண்டாம். எக்ஸ்பி என்றால் வேறு கதை, அதற்குக் கான்ஃபிக்.என்டி என்று தனிக் கோப்பு. 95, 98 என்றால் அதுவும் வேறு கதை. முதலில் எந்தக் கதை என்று சொல்லுங்கள்.

சுழல்வட்டு (9:24)

டாஸ்பாக்ஸ் போடுங்கள், பழைய டாஸ் கணினி மாதிரியே நடிக்கும் மென்பொருள், ஐந்து நிமிட வேலை. மெம்சைஸ் 16 என்று இருக்கும், அதைத் தொட வேண்டாம். எக்ஸ்எம்எஸ், இஎம்எஸ், யூஎம்பி என்ற கூடுதல் நினைவக வகைகள் மூன்றும் தானாகவே திறந்திருக்கும். எந்தக் கேள்வி வந்தாலும் நான் இதையேதான் சொல்கிறேன் என்று இங்கே கிண்டல் உண்டு. இருக்கட்டும்.

பழுதுநீக்கி (9:31)

தம்பி, உடம்பு சரியில்லை என்று மட்டும் சொல்லி மருந்து கேட்கிற மாதிரி இருக்கிறது உன் கேள்வி. 256 எம்பிக்கும் டாஸ் நிரலுக்கும் சம்பந்தமே கிடையாது. இதை நான் எத்தனை முறைதான் எழுதுவது? 8088 செயலிக்கு 20 முகவரிக் கம்பிகள், ஆக எட்டுவது 1 எம்பி. 1981இல் ஐபிஎம் அதில் மேலே இருந்த 384 கேபியைத் திரைக்கும் ரோம் என்ற நிலை நினைவகத்துக்கும் ஒதுக்கிவிட்டு, கீழே 640 கேபியை நிரல்களுக்கு விட்டது. உன் நிரல் குடியிருப்பது அந்த 640இல். சிடி டிரைவர், மவுஸ் டிரைவர் எல்லாம் கால் நீட்டிப் படுத்திருப்பதும் அங்கேதான். டாஸ் சன்னலைத் திறந்து மெம் /சி அடி, எது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று காட்டும். வருவதை இங்கே போடு. அதுவரை யாரும் ஊகம் செய்ய வேண்டாம்.

வெள்ளெலி (9:37)

ஊகம்தான், இருந்தாலும் சொல்கிறேன். வைரஸாக இருக்கலாம். வட்டின் தொடக்கப் பகுதியில் உட்காரும் பழைய வைரஸ்கள் 640இல் இருந்து ஒன்றிரண்டு கேபியைத் திருடி அங்கே ஒளிந்துகொள்ளும். மொத்தம் 655,360 பைட் இருக்கிறதா பாருங்கள். குறைந்தால் சந்தேகப்படலாம்.

பழுதுநீக்கி (9:40)

கணினியைத் தொடக்கிவைக்கும் பயாஸே சிலவற்றில் 1 கேபி எடுத்துக்கொள்ளும். அதற்கெல்லாம் வைரஸ் என்று பயமுறுத்தாதீர்கள்.

மரப்பெட்டி (9:58)

மன்னிக்கவும், விண்டோஸ் 98. டாஸ்பாக்ஸ் ஒத்துவராது, புள்ளி அச்சுப்பொறிக்கு எல்பிடி1 என்ற இணை வாயில் வழியாக நேராகப் போக வேண்டும்.

மெம் /சி அடித்தேன். கடகடவென்று மேலே ஓடிவிட்டது, /பி சேர்த்த பிறகுதான் நின்றது. நிரலுக்குக் கிடைக்கும் அதிகபட்ச இடம் 583 கே என்கிறது. எக்ஸ்எம்எஸ் என்ற வரியில் 64 ஆயிரத்துச் சொச்சம் கே, முழு எண்ணைக் குறித்து வைக்கவில்லை. மொத்தம் 655,360 சரியாகவே இருக்கிறது. வேறு எதையும் நான் மாற்றவில்லை.

சுழல்வட்டு (10:02)

சரி, அச்சு என்றால் என் வாயை மூடிக்கொள்கிறேன். மூல டாஸ்பாக்ஸில் இணை வாயில் இல்லை. டாஸ்பாக்ஸ்-எக்ஸில் உண்டு, அதை அந்தப் பழைய கணினியில் ஓட்டச் சொல்ல எனக்கே மனம் வரவில்லை.

பழுதுநீக்கி (10:05)

583 தாராளம். அப்படியானால் நிரல் இஎம்எஸ் கேட்கிறது, நீ கொடுக்கவில்லை. கணினி தொடங்கும்போது படிக்கும் கான்ஃபிக்.சிஸ் கோப்பில், இஎம்எஸ் தரும் இஎம்எம்386 டிரைவர் வரியின் கடைசியில் நோஇஎம்எஸ் என்று இருக்கும் பார். எடுத்துவிட்டு ராம் என்று போடு, மறுபடி தொடங்கு. முடிந்தது.

அரைக்கிலோபைட் (10:09)

மரப்பெட்டி, "வேறு எதையும் மாற்றவில்லை" என்பதை மட்டும் நம்ப மாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஓடிக்கொண்டிருந்த நிரல் ஒரு வாரத்தில் தானாகக் கெடாது. பெட்டியைத் திறந்து எதையாவது கழற்றினீர்களா? மாட்டினீர்களா?

மரப்பெட்டி (10:26)

நோஇஎம்எஸ் இருந்தது. ராம் என்று மாற்றி மறுபடி தொடங்கினேன். அதே ஒரு வரிதான் வருகிறது.

மாட்டியது என்றால், ஞாயிற்றுக்கிழமை ராம் மாற்றினேன். 32 எம்பி இருந்தது, அதை எடுத்துவிட்டு 256 போட்டேன். கூட்டினால் எப்படிப் போதாமல் போகும்? அதனால்தான் சொல்லவில்லை.

வெள்ளெலி (10:28)

அடடா.

நீலத்திரை (10:30)

புது ராமே பழுதாக இருக்கும். ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் போட்டு இரவு முழுக்க ஓடவிடுங்கள்.

அரைக்கிலோபைட் (10:47)

ராம் பழுதென்றால் விண்டோஸ் முதலில் விழும், இந்தச் சின்ன நிரல் மட்டும் ஒவ்வொரு முறையும் அதே வரியைச் சொல்லிவிட்டு மரியாதையாக வெளியேறாது. ராம் நன்றாகத்தான் இருக்கிறது. நிரலுக்குத்தான் எண்ணத் தெரியவில்லை.

டாஸ் நிரல் 1 எம்பிக்கு மேலே இடம் கேட்பது ஹைமெம்.சிஸ் மாதிரி நினைவக டிரைவரிடம். "எவ்வளவு காலி?" என்று கேட்டால் செயலிக்குள் எண்ணை வைக்கும் 16 பிட் பதிவகம் ஒன்றில் பதில் கேபி கணக்கில் வரும். 16 பிட்டில் 0 முதல் 65,535 வரை எழுதலாம். அந்த விதிமுறை 1988இல் வந்தது, அப்போது வீட்டுக் கணினியில் 64 எம்பியை யார் கண்டார்கள்? அதில் தவறில்லை. தவறு எங்கே வருகிறது என்றால், நிரல் எழுதியவர் அந்தப் பதிலைக் குறியுள்ள எண்ணாக, அதாவது கழித்தல் எண்ணும் வரக்கூடிய வகையாக, வாங்கியிருந்தால். அதற்கு எல்லை 32,767. அதைத் தாண்டினால் எதிர்மறையாகப் புரண்டுவிடும். உங்களுக்கு வருவது 64 ஆயிரத்துச் சொச்சம். சரியாக 64,000 என்று வைத்துக்கொண்டால், அதிலிருந்து 65,536ஐக் கழியுங்கள்: கழித்தல் 1,536. குறைந்தது 1,024 வேண்டும் என்று நிரல் எதிர்பார்க்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கழித்தல் 1,536 அதைவிடச் சிறிது. எனவே "போதாது". பழைய 32 எம்பியில் விண்டோஸ் தன் பங்கை எடுத்தது போக மிச்சம் 32,767க்குள் அடங்கியது, ஆகவே யாருக்கும் தெரியவில்லை.

சரிசெய்வது எளிது. நிரலின் மேல் வலது சொடுக்கு, ப்ராபர்ட்டீஸ், மெமரி பக்கம். விரிவாக்கப்பட்ட நினைவகம் என்ற கட்டத்தில் ஆட்டோ என்று இருக்கும். ஆட்டோ என்றால் வரம்பே இல்லை. அதை 8192 ஆக்குங்கள். மற்றதைத் தொட வேண்டாம்.

பழுதுநீக்கி (10:52)

கதை நன்றாக இருக்கிறது. மூல நிரலைப் பார்க்காமல் குறியுள்ள எண், குறியில்லாத எண் என்று எப்படிச் சொல்ல முடியும்? மெமரி அதிகமானதால் நிரல் படுத்துவிட்டது என்று என் அனுபவத்தில் கேள்விப்பட்டதில்லை.

வெள்ளெலி (10:58)

அண்ணே, லோட்ஃபிக்ஸ் கட்டளை எதற்கு இருக்கிறது? 1991இல் டாஸ் 5 வந்து, தன்னையே 1 எம்பிக்கு மேல் உள்ள துண்டில் ஏற்றிக்கொண்டது. கீழே இடம் காலியாகி, நிரல்கள் முதல் 64 கேபிக்குள்ளேயே வந்து இறங்க ஆரம்பித்தன. உடனே சில சுருக்கிய நிரல்கள் "பேக்டு ஃபைல் இஸ் கரப்ட்" என்று கத்தின. அந்த 64 கேபியை அடைத்துவைத்து நிரலை மேலே தள்ளுவதுதான் லோட்ஃபிக்ஸின் ஒரே வேலை. இடம் அதிகமானதால் வந்த கோளாறுதானே அதுவும்?

பழுதுநீக்கி (11:01)

அது வேறு.

மரப்பெட்டி (11:04)

8192 போட்டேன். ஒன்றும் மாறவில்லை. அதே வரி.

பழுதுநீக்கி (11:05)

சொன்னேனே.

அரைக்கிலோபைட் (11:07)

எந்தக் கட்டத்தில் போட்டீர்கள்?

மரப்பெட்டி (11:11)

இரண்டு கட்டம் இருக்கிறது. மேலே இருப்பதில் போட்டேன், பக்கத்தில் இஎம்எஸ் என்று எழுதியிருக்கிறது. விரிவாக்கப்பட்ட நினைவகம் என்றுதானே சொன்னீர்கள்? அகராதியில் எக்ஸ்பாண்டட் என்றால் விரிவாக்கப்பட்ட என்று போட்டிருந்தது.

அரைக்கிலோபைட் (11:13)

தப்பு என்னுடையது. எக்ஸ்டென்டட், அதாவது எக்ஸ்எம்எஸ். கீழே இருப்பது. இஎம்எஸ் கட்டத்தை ஆட்டோவுக்கே திருப்பிவிடுங்கள்.

சொல்லாய்வு (11:19)

இதைத்தான் பல வருடமாகச் சொல்லி வருகிறேன். இரண்டையும் "விரிவாக்கப்பட்ட" என்று மொழிபெயர்த்தால் இதுதான் நடக்கும். ஆங்கிலத்திலேயே அரைக் குழப்பம், நாம் அதை முழுக் குழப்பம் ஆக்கிவிட்டோம். ஒன்று 1 எம்பிக்கு அப்பால் நேராக நீண்டு போவது, நீட்சி நினைவகம் என்று சொல்லலாம். மற்றது லோட்டஸ், இன்டெல், மைக்ரோசாஃப்ட் மூன்றும் கூடி வகுத்தது: 640க்கு மேலே 64 கேபி அளவுக்கு ஒரு சாளரம், அதில் 16 கேபியாக நான்கு பக்கங்கள், வேண்டிய பக்கத்தை உள்ளே இழுத்து வேண்டாததை வெளியே தள்ளுவது. அதைப் பக்கமாற்று நினைவகம் என்போம்.

நீலத்திரை (11:24)

பக்கமாற்று என்றால் விண்டோஸ் வட்டில் எழுதுகிற பேஜிங் என்று நினைத்துக்கொள்வார்கள். ஒரு குழப்பத்தை எடுத்து இன்னொன்றை வைக்கிறீர்கள். எக்ஸ்எம்எஸ், இஎம்எஸ் என்றே எழுதுங்கள், வேலை நடக்கட்டும்.

சொல்லாய்வு (11:27)

அப்படியே விட்டால் எப்போதும் அப்படியேதான் இருக்கும். சாளர நினைவகம்?

நீலத்திரை (11:28)

விண்டோஸையே பாதிப் பேர் சாளரம் என்கிறார்கள்!

சுழல்வட்டு (11:31)

நீட்சி நன்றாக இருக்கிறது, நான் எடுத்துக்கொள்கிறேன். மற்றதற்கு யாரும் அடித்துக்கொள்ள வேண்டாம், இஎம்எஸ் கேட்கும் நிரல் இனி யாரிடம் இருக்கிறது.

பழுதுநீக்கி (11:33)

என்னிடம் மூன்று இருக்கின்றன. தினமும் ஓட்டுகிறேன்.

வெள்ளெலி (11:36)

640 கேபி யாருக்கும் போதும் என்று பில் கேட்ஸ் சொன்னது நினைவுக்கு வருகிறது.

பழுதுநீக்கி (11:38)

சொல்லவில்லை. அவரே மறுத்திருக்கிறார். மேலே நான் எழுதியதைப் படித்திருந்தால் அந்த எல்லை ஐபிஎம் வரைந்த கோடு என்று தெரிந்திருக்கும்.

சொல்லாய்வு (11:44)

துண்டு நினைவகம், இப்படியும் யோசிக்கலாம். 16 கேபித் துண்டுகள்தானே.

மரப்பெட்டி (11:49)

கீழ்க் கட்டத்தில் 8192. வந்துவிட்டது. எஃப்2 அழுத்தித் தேடியும் பார்த்தேன். அச்சு ஓடுகிறது, சத்தத்தில் அப்பா எழுந்து வந்துவிட்டார். நன்றி அரைக்கிலோபைட்.

அரைக்கிலோபைட் (11:52)

நல்லது. ஒரே ஒரு சோதனை, எனக்காக. கையில் நேரம் இருந்தால் 32000 போட்டு ஒரு முறை, 33000 போட்டு ஒரு முறை திறந்து பாருங்கள். முதலாவது ஓடி இரண்டாவது விழுந்தால் குறியுள்ள எண்தான் என்று உறுதியாகும். பழுதுநீக்கி ஐயாவும் தூங்கப் போகலாம். அப்புறம் அந்தச் சின்னத்தோடு உருவாகியிருக்கும் பிஃப் கோப்பைப் படியெடுத்து வையுங்கள். நீங்கள் போட்ட 8192 அதில்தான் உட்கார்ந்திருக்கிறது, அது அழிந்தால் மறுபடி ஆட்டோவாகிவிடும்.

பழுதுநீக்கி (11:55)

8192 போடு என்று அந்தக் கட்டத்தின் உதவிக் குறிப்பிலேயே இருக்கிறது. கேள்விக்குறியை வைத்து அழுத்தினால் வரும். யாரும் அழுத்துவதில்லை.

வெள்ளெலி (11:57)

அண்ணே, நீங்களும்தான்.

தூசிப்பெட்டி (காலை 6:40)

எனக்கும் இதே பிரச்சினை! என்னுடையது "ரன்டைம் எரர் 200" என்று வருகிறது. 8192 போட்டேன், போகவில்லை. ராமைப் பழையபடி குறைக்க வேண்டுமா?

அரைக்கிலோபைட் (7:15)

இதே பிரச்சினை இல்லை. அது டர்போ பாஸ்கலில் எழுதிய நிரல். தொடங்கும்போது செயலியின் வேகத்தை அளந்து ஒரு வகுத்தல் செய்யும். செயலி மிக வேகமாக இருந்தால் விடை 16 பிட்டுக்குள் அடங்காமல் விழும். ராமைத் தொடாதீர்கள். நிரல் கோப்பைத் திருத்தும் ஒட்டுகள் கிடைக்கின்றன. தனி இழை தொடங்குங்கள், எந்த விண்டோஸ், எந்தச் செயலி என்று முதல் வரியிலேயே எழுதுங்கள்.

தூசிப்பெட்டி (7:18)

சரி. செயலி எது என்று எங்கே பார்ப்பது?