டாம்பிங்: ‘தடை’ வேண்டாம், ‘தணிப்பு’ போதும்

வணக்கம்.

ஆட்டத்தின் ஆற்றல் வெளியேறி ஆட்டம் மெல்ல அடங்குவதை ஆங்கிலத்தில் டாம்பிங் (damping) என்கிறோம். அதற்குத் தமிழில் ‘தடை’யை அடியாக வைத்து எல்லாச் சொற்களையும் ஆக்கிவிடலாம் என்று போன மடலில் வந்த யோசனையை என்னால் ஏற்க முடியவில்லை. பதினொன்றாம் வகுப்புப் பாடநூலில் ‘தடையுறு அலைவு’ இருக்கிறது, உண்மைதான். ஊசல் வரைக்கும் அது சரி. இழுத்துக் கட்டிய வடத்துக்கு வந்தால் அந்தச் சொல் படிப்பவரைத் தவறான பக்கம் கொண்டுபோய்விடும்.

வடங்களில் தாங்கி நிற்கும் பாலத்தில், ஒரு வடத்தின் கீழ்முனையிலிருந்து மொத்த நீளத்தில் 2 சதவீதம் தள்ளி, ஆட்டத்தை அடக்க, வண்டியின் ஷாக் அப்சார்பர் போன்ற ஓர் எண்ணெய் உருளையைப் பொருத்துகிறோம் என்று வையுங்கள். உருளை ரொம்ப இளகலாக இருந்தால் வடம் அதைச் சட்டை செய்யாது. சரி, இறுக்கிக்கொண்டே போனால்? ஓர் அளவு வரை ஆட்டம் சீக்கிரம் அடங்கும். அதற்கு மேல் உருளை அசையாமல் வடத்தைப் பிடித்துக்கொள்ள, பிடித்த இடமே புதிய கணுவாகி (ஆடாத புள்ளியாகி) மீதி 98 சதவீதம் பழையபடி ஆடும். தடை முழுசாக இருக்கிறது, ஆற்றல் ஒரு துளிகூட வெளியேறவில்லை! சரியான அளவில் வைத்தாலும் கிடைப்பது மாறுநிலைத் தணிப்பில் (முன்னும் பின்னும் ஆடாமலே அடங்கிவிடத் தேவையான அளவில்) சுமார் 1 சதவீதம்தான். வீணைத் தந்தியை மெட்டில் அழுத்தினால் சுரம்தான் மாறும், விரல் சதையை லேசாகப் படவிட்டால்தான் ஒலி அடங்கும், அதே கதை.

உயரழுத்த மின்கம்பியில், கோபுரத்துக்குச் சற்றுத் தள்ளி இரண்டு இரும்புக் குண்டுகள் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். 1920களில் ஜார்ஜ் ஸ்டாக்பிரிட்ஜ் என்ற அமெரிக்கப் பொறியாளர் கொண்டுவந்தது. 3 செ.மீ. தடிமனுள்ள கம்பியில் நொடிக்கு 3 மீட்டர் காற்று அடித்தால் பின்னால் சுழல்கள் மாறி மாறிக் கழன்று, கம்பி நொடிக்குச் சுமார் 20 தடவை துடிக்கும். கீழிருந்து பார்த்தால் எளிதில் தெரியாது, ஆனால் பிடிமானத்தில் மடங்கி மடங்கி இழைகள் அறுந்துபோகும். குண்டுகள் ஆடும்போது அவற்றை இணைக்கும் எஃகுக் கயிற்றின் இழைகள் ஒன்றோடொன்று உரச, அந்த ஆற்றல் வெப்பமாகிப் போய்விடுகிறது. கம்பியை அது எங்கே தடுக்கிறது? ஆடவிட்டு வாங்கிக்கொள்கிறது.

அப்புறம், மின்கம்பியின் சொந்த இழைகளும் உரசுவதால் ஆட்டம் கொஞ்சம் தணியும். இழுவிசையைக் கூட்டினால் இழைகள் நெருங்கி, வழுக்குவது குறைந்து, அதுவும் போய்விடும். இதற்குத் ‘தன்தணிவு’ என்று வைக்கலாம். தானாக நடப்பது தணிவு, நாம் செய்வது தணிப்பு, கருவி தணிப்பான். காய்ச்சலும் கோபமும் தணிகிற அதே தணிவுதான், யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ‘ஒடுக்கம்’ வேதியியலில் ஏற்கெனவே வேறு வேலையில் (ரிடக்‌ஷன்) இருக்கிறது, ‘தணிக்கை’ கணக்குக்குப் போய்விட்டது.

இன்னொரு சொல்: பீமுக்கு (beam) ‘விட்டம்’ வேண்டாம், வட்டத்தின் குறுக்களவுக்கும் அதே சொல் என்பதால் ‘விட்டத்தின் விட்டம்’ என்று எழுத நேரும், உத்திரம் இருக்கட்டும். வளைவு விறைப்பு (வளைய மறுக்கும் தன்மை), இழுவிசை இரண்டும் சேர்ந்து தாங்கும் வகையை ‘இழுவிசை உத்திரம்’ எனலாமா? இதைவிடச் சுருக்கமாகத் தோன்றினால் எழுதுங்கள்.