இடுப்புப் பந்து மாற்றினவரை வீட்டில் பார்ப்பது: குந்துற கக்கூஸ், கிணற்றடிக் குளிப்பு

உப்புவெளிக்காரி
இவர் விழுந்து இடுப்பு எலும்பு முறிஞ்சு, பந்து மாற்றி ஒப்பரேசன் செய்தாச்சு. வெள்ளிக்கிழமை துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்புவாங்களாம். வீட்டில குந்துற கக்கூஸ், குளிப்பு கிணற்றடியில். கட்டிலும் உயரம் குறைஞ்சது. இரத்தம் கட்டியாகாமல் வயிற்றில போடுற ஊசியும் நான்தான் போடவேணும். எதை முதல்ல மாத்துறது?

பிசியோ_திருமலை
உயரத்தை, அக்கா. பின்பக்கத்தால் வெட்டிச் செய்திருந்தால் இடுப்பை 90 பாகைக்கு மேல் மடிக்கக்கூடாது, பந்து கழரும். முன்பக்கம் என்றால் கட்டுப்பாடு வேறு. வெள்ளிக்கு முதல் கேட்டு எழுதி வாங்குங்கள்.

அவரது முழங்கால் பின்மடிப்பிலிருந்து நிலம்வரை அளந்து பாருங்கள். கதிரை, கட்டில், கொமட் மூன்றும் அதைவிட 2 அங்குலமாவது உயரவேணும். பஞ்சு மெத்தை போட்டு உயர்த்தினால் இருந்ததும் அமிழ்ந்துவிடும். கட்டில் காலுக்குக் குழி வெட்டின மரக்கட்டை வையுங்கள், வெறும் செங்கல் நழுவும். கதிரைக்குக் கைபிடி கட்டாயம்: கதிரை காலில் முட்டுமட்டும் பின்னால் போய், ஒப்பரேசன் காலை முன்னே நீட்டி, கைபிடியைப் பிடித்து இருக்கவேணும்.

வோக்கரின் கைபிடி, கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்புக்கு நேரே வரவேணும். முதலில் வோக்கர், பிறகு ஒப்பரேசன் கால், பிறகு நல்ல கால். படி ஏற நல்ல கால் முதலில், இறங்க மற்றக் கால். திரும்பும்போது அந்தக் காலை ஊன்றிச் சுழலவேண்டாம். சாரத்தைத் தலைவழியாகப் போடட்டும், குனியத் தேவையில்லை.

ஓய்வுபெற்ற தாதி
குந்துறது அறவே கூடாது. கொமட் கதிரை வாங்கி அறைக்குள் வையுங்கள். கிணற்றடியும் இப்போதைக்கு வேண்டாம், ஈரத் துணியால் துடையுங்கள். திருகோணமலை வெயிலுக்கு வேர்வை காயக் கட்டுக்குள் இறங்கும், நனைந்த கட்டை அப்படியே விடாமல் மாற்றுவியுங்கள். பவுடர், மஞ்சள், எண்ணெய் எதுவும் காயத்தில் படக்கூடாது.

ஊசி: தொப்புளிலிருந்து 2 அங்குலம் தள்ளி, தோலைக் கிள்ளிப் பிடித்து நேர்க்குத்தாக. முழு அளவும் போடுறதென்றால் சிரிஞ்சிலுள்ள காற்றுக் குமிழை வெளியேற்றவேண்டாம். போட்ட இடத்தைத் தேய்த்தால் கண்டிப்போகும். தினமும் பக்கம் மாற்றுங்கள். பாவித்த ஊசிகளை, மூடி உள்ள தடித்த பிளாஸ்ரிக் போத்தலில் சேருங்கள்.

கெண்டைக்கால் வீங்கி நோவெடுத்தால் எண்ணெய் போட்டு உருவ ஒருவரையும் விடாதீர்கள். இரத்தக்கட்டி நகர்ந்து நெஞ்சுக்குப் போகலாம். மூச்சு முட்டினால் உடனே 1990 அம்புலன்ஸ் நம்பருக்கு அடியுங்கள். கால் திடீரெனக் கட்டையாகி உட்பக்கம் திரும்பினாலும் அதே நம்பர், இழுத்துப் பார்க்கவேண்டாம்.

உப்புவெளிக்காரி
நன்றி. கிளினிக்குக்கு ஓட்டோவில கொண்டு போகலாமா?

பிசியோ_திருமலை
வேண்டாம். ஓட்டோ ஆசனம் உயரம் குறைவு, கால் நீட்ட இடமில்லை. காரோ வானோ பிடித்து, முன் ஆசனத்தைப் பின்னுக்குத் தள்ளிச் சற்றுச் சாய்த்துவிடுங்கள். முதலில் இருத்தி, பிறகு இரண்டு காலையும் உடம்பையும் ஒன்றாகத் திருப்பவேணும். ஆசனத்தில் பொலித்தீன் பை விரித்தால் சறுக்கித் திரும்பலாம், வண்டி எடுக்கமுன் அதை உருவிவிடுங்கள்.