பழைய ஸ்கார்பியோ ஃபோர் வீல் டிரைவ்: ஏற்காட்டு வளைவுகளில் பிடித்து இழுக்கிறது, 80-க்கு மேல் அதிர்கிறது. எதிலிருந்து தொடங்குவது?

சேலத்துச் சாலை:

அனைவருக்கும் வணக்கம். போன மாதம் 2015-ஆம் ஆண்டு ஸ்கார்பியோ ஒன்றை வாங்கினேன். 2.2 லிட்டர் டீசல் எஞ்சின், ஃபோர் வீல் டிரைவ், ஓடோமீட்டரில் 1,12,000 கி.மீ. எனக்கு முன் இருவர் கைமாறிய வண்டி. வீட்டில் மனைவி, ஒன்பது வயதிலும் ஐந்து வயதிலும் இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலியுள்ள என் அம்மா ஆகியோர் இருக்கிறார்கள். வார நாட்களில் பள்ளிக்கும் கடைக்கும் போய்வரவும், விடுமுறையில் கல்வராயன் மலை, ஜவ்வாது மலைப் பக்கத்து மண்சாலைகளில் மெதுவாகச் சுற்றிவரவும் இந்த ஒரே வண்டி உதவ வேண்டும் என்பதுதான் எண்ணம்.

இப்போது மூன்று தொல்லைகள் உள்ளன. முதலாவதாக, வேகம் 80-ஐத் தாண்டியதும் இருக்கையின் அடியிலும் தரையிலும் ஒரு அதிர்வு தொடங்கி, 95-க்கு மேல் சற்றுக் குறைகிறது. ஆனால் ஸ்டீரிங்கில் ஒன்றும் தெரிவதில்லை. இரண்டாவதாக, போன ஞாயிறு மழைத் தூறலில் ஏற்காடு ஏறும்போது பாதுகாப்பாக இருக்கட்டுமே என்று ஃபோர் ஹையில் (நான்கு சக்கரங்களும் இழுக்கும் நிலை) போட்டு ஓட்டினேன். கொண்டை ஊசி வளைவுகளில் ஸ்டீரிங் கனத்து, யாரோ பின்னால் கயிறு கட்டி இழுப்பதுபோல் வண்டி திணறி, கடக் கடக்கென்று சத்தம் எழுப்பியது. மேலே போய்ச் சேர்ந்த பிறகு குமிழை டூ ஹைக்கு (பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும் நிலை) திருப்பியும் ஃபோர் வீல் டிரைவ் விளக்கு அணையாமல் மினுக்கிக்கொண்டே இருந்தது. மூன்றாவதாக, வேகத்தடையில் ஏறி இறங்கும்போது முன்பக்கம் டொக் என்கிறது.

பார்த்த பட்டறையில் டிரான்ஸ்பர் கேஸ் (எஞ்சின் விசையை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) போய்விட்டது, முழுதாக மாற்ற வேண்டும் என்றார்கள். என் கையில் இருப்பது 80,000 ரூபாய். அதற்குள் கூடுதல் இரும்பு முன் பம்பர், கூரை ரேக், எல்.இ.டி. விளக்குப் பட்டை ஆகியவற்றையும் போட்டுவிடலாம் என்று நினைத்திருந்தேன். வழிகாட்டுங்கள்.

ஓய்வுபெற்ற ஸ்பேனர்:

தம்பி, டிரான்ஸ்பர் கேஸில் கைவைக்க யாரையும் விடாதீர்கள். நீங்கள் சொல்வதைப் படித்த அளவில் அது கெட்டதாகத் தெரியவில்லை. அது செய்யக்கூடாத வேலையை அதனிடம் வாங்கியிருக்கிறீர்கள்.

உங்கள் வண்டியின் ஃபோர் வீல் டிரைவ் எப்போதும் இணைந்திருக்கும் வகை அல்ல, தேவைப்படும்போது மட்டும் போட்டுக்கொள்ளும் வகை. இதில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே, இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியல் கிடையாது. வளைவில் திரும்பும்போது முன் சக்கரங்கள் பெரிய வட்டத்திலும் பின் சக்கரங்கள் சிறிய வட்டத்திலும் போவதால், முன்னவை கூடுதலாகச் சுற்றியாக வேண்டும். டூ ஹையில் முன் அச்சு எஞ்சினோடு இணையாமல் தன் போக்கில் சுற்றும், பிரச்சினை இல்லை. ஃபோர் ஹையில் இரண்டும் ஒரே எண்ணிக்கையில்தான் சுற்றும் என்று பூட்டப்பட்டுவிடுகிறது. மண்ணிலோ சேற்றிலோ இருந்தால் ஏதாவது ஒரு சக்கரம் லேசாக வழுக்கி அந்தக் கணக்கை நேர் செய்துகொள்ளும். தார்ச் சாலை வழுக்க விடாது. தூறலில் நனைந்த தாரும் அப்படித்தான். வித்தியாசம் முழுவதும் ஷாப்டுகளிலும் பல்சக்கரங்களிலும் முறுக்காகச் சேர்ந்துகொண்டே போகும். ஏற்காட்டில் இருபது கொண்டை ஊசி வளைவுகள், இருபதிலும் முறுக்கேற்றியிருக்கிறீர்கள். அந்த இறுக்கத்தில் உள்ளே முன் அச்சை இணைக்கும் ஸ்லீவ் நழுவி வெளியே வர முடியாததால்தான் விளக்கு மினுக்கியது.

இனி இப்படி மாட்டிக்கொண்டால் குமிழை டூ ஹையில் வைத்துவிட்டு, நேரான இடத்தில் பத்துப் பதினைந்து அடி ரிவர்ஸில் மெதுவாக வாருங்கள். முறுக்கு அவிழ்ந்து டக்கென்று விட்டுவிடும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: ஃபோர் ஹை போட்டால் மலையில் வண்டி நன்றாக நிற்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அது இழுப்பதற்கு உதவுமே தவிர நிறுத்துவதற்கு அல்ல. பிரேக் முன்பே நான்கு சக்கரங்களுக்கும் இருக்கிறது. இறக்கத்தில் இரண்டாவது கியரில் எஞ்சின் பிடியோடு வருவதுதான் பாதுகாப்பு.

அதிர்வுக்கு வருவோம். ஸ்டீரிங்கில் தெரிந்தால் முன் சக்கரம், பிரேக் மிதிக்கும்போது மட்டும் தெரிந்தால் டிஸ்க், இருக்கையில் தெரிந்தால் பின் சக்கரம் அல்லது பின் அச்சுக்கு விசையைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாப்ட் என்று தேடத் தொடங்குவது என் வழக்கம். முதலில் காசில்லாத வேலை ஒன்று செய்யுங்கள். ஸ்டெப்னி உட்பட ஐந்து டயர்களின் பக்கவாட்டிலும் இருக்கும் அளவையும், நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்க எண்ணையும் எழுதி வந்து போடுங்கள். அந்த எண்ணின் முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு ஆண்டு.

சேலத்துச் சாலை:

ஐயா, மிக்க நன்றி. நீங்கள் சொன்னபடி தெருவில் கொஞ்ச தூரம் பின்னால் வந்ததும் விளக்கு அணைந்துவிட்டது. பார்த்துக்கொண்டிருந்த என் மகள் கைதட்டினாள்.

டயர்களைப் பார்த்ததும்தான் எனக்குத் தலை சுற்றியது. முன்னால் இரண்டும் 235/65 ஆர்17, எண் 3119. பின்னால் இரண்டும் 255/65 ஆர்17, எண் 0821. ஸ்டெப்னி 235/65 ஆர்17, எண் 1415, அதாவது வண்டியோடு வந்ததே. வாங்கும்போது பின்னால் டயர் அகலமாக இருப்பது அழகு என்றே நினைத்தேன். மேலும், பின் காயில் ஸ்பிரிங்குகளின் தலையில் உள்ளங்கை அகலத்தில் கறுப்பு வளையம் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அது கம்பெனியிலிருந்து வந்ததா என்று தெரியவில்லை.

கொல்லிமலை வாசி:

அந்தக் கறுப்பு வளையம் கம்பெனிப் பொருள் அல்ல. வண்டியை உயர்த்துவதற்காக முன்னவர் போட்ட ஸ்பேசர். உங்கள் மூன்று தொல்லைகளில் இரண்டு இந்த ஒரே மனிதரின் ஆசையிலிருந்து வந்தவை என்று நினைக்கிறேன்.

கணக்கைப் பாருங்கள். 235/65 ஆர்17 டயரின் விட்டம் ஏறக்குறைய 737 மி.மீ.; 255/65 ஆர்17 டயரின் விட்டம் 763 மி.மீ. பார்வைக்கு ஓர் அங்குலம்தான். ஆனால் ஒரு கிலோமீட்டர் போவதற்கு முன் சக்கரம் சுமார் 432 முறையும் பின் சக்கரம் 417 முறையும் சுற்ற வேண்டியிருக்கிறது. ஃபோர் ஹையில் இரண்டும் சமமாகச் சுற்றவேண்டும் என்று பூட்டிவிட்டு, கிலோமீட்டருக்குப் பதினைந்து சுற்று வித்தியாசத்தைக் கொடுத்தால் வளைவே இல்லாத நேர்ச்சாலையிலும் முறுக்கு ஏறும். ஆகவே டயர்களை ஒரே அளவாக்கும்வரை, மண்சாலையில்கூட ஃபோர் ஹையைத் தொடாதீர்கள்.

ஸ்பேசரைப் பற்றி என் கருத்து கொஞ்சம் கடுமையானது. ஸ்கார்பியோவில் பின் அச்சு ஒரே உருட்டுக் குழாயாக, நடுவே டிஃபரன்ஷியல் குண்டோடு இருக்கிறது. ஸ்பேசர் போட்டால் உயர்வது பாடி மட்டும்தான். கல்லில் முதலில் இடிக்கும் அந்தக் குண்டு, இருந்த இடத்திலேயேதான் இருக்கும். அதாவது தரை இடைவெளி கூடியதுபோன்ற தோற்றத்துக்காக வளைவில் சாயும் குணத்தையும், புரொப்பெல்லர் ஷாப்டின் கோணத்தில் ஒரு கோளாறையும் விலைக்கு வாங்கியிருக்கிறார் முன்னவர். கோணம் கூடினால், ஷாப்டின் முனையில் மடங்கிக் கொடுக்கும் யூ ஜாயிண்ட் ஒவ்வொரு சுற்றிலும் வேகம் மாறி மாறிச் சுழலும். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் வந்து, அதைத் தாண்டினால் குறையும் உங்கள் அதிர்வு அந்த வகை என்றே தோன்றுகிறது.

சோதித்துப் பார்ப்பது எளிது. சமதளத்தில் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, நியூட்ரலில் விட்டு, கீழே படுத்து, யூ ஜாயிண்டின் இருபுறமும் ஷாப்டைப் பிடித்து எதிரெதிராக முறுக்கிப் பாருங்கள். கையில் ஆட்டம் தெரிந்தாலோ, அதன் நடுவே இருக்கும் சிலுவை வடிவத் துண்டான கிராஸின் கிண்ணத்தைச் சுற்றிச் செந்நிறத் துருப்பொடி படிந்திருந்தாலோ உள்ளே ஊசி பேரிங் காய்ந்துவிட்டது என்று பொருள். மாற்றும்போது, கழற்றுவதற்கு முன்பே ஷாப்டிலும் அது பூட்டப்படும் ஃபிளான்ஜிலும் சேர்த்து ஒரு பெயிண்ட் கோடு போடச் சொல்லுங்கள். அதே நிலையில் பூட்டாவிட்டால் புது கிராஸ் போட்டும் அதிர்வு போகாது. குற்றம் கிராஸின் மேல் விழும்.

வண்டிக்கு அடியில் போனதோடு போனதாக டிஃபரன்ஷியல் எண்ணெயையும் ஒரு முறை பாருங்கள். இப்படி உயர்த்திய வண்டியை ஓடையில் இறக்காமல் யாரும் விட்டதில்லை.

தேரி மணல்:

இயந்திரத்தைப் பற்றி மற்றவர்கள் சொல்லிவிட்டதால், நான் உங்கள் வாங்கும் பட்டியலைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

முன் பம்பரைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். கூடுதல் இரும்புத் தடுப்புகளை அனுமதிக்கக் கூடாது என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவின்படி, தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்பதை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். மோதலின்போது நசுங்கி விசையை வாங்க வேண்டிய பகுதிக்கு முன்னால் நசுங்காத ஒன்றை வைத்தால், ஏர்பேக் எப்போது விரிய வேண்டும் என்ற கணக்கே மாறிவிடும். பிள்ளைகளோடு போகும் வண்டிக்கு அது வேண்டாம்.

உங்கள் வண்டியின் கடைசி வரிசை பக்கவாட்டில் எதிரெதிராக அமரும் இருக்கையா? ஆம் என்றால், எவ்வளவு அடம்பிடித்தாலும் பிள்ளைகளை அங்கே உட்காரவைக்காதீர்கள். நடு வரிசையில், முன்நோக்கி, சிறியவருக்கு அவர் எடைக்கு ஏற்ற குழந்தை இருக்கையோடு அமர்த்துங்கள். கூரை ரேக்குக்கு ஒதுக்கிய பணத்தில் அந்த இருக்கையையும், அம்மா ஏறுவதற்கு ஒரு மடக்குப் படியையும் வாங்கலாம். சாமான்களைக் கடைசி வரிசையை மடக்கி, தாழ வைத்துக் கட்டுங்கள். உயரமான வண்டியின் தலையில் எடை ஏற்றி ஜவ்வாது மலை வளைவில் திருப்புவது எனக்கு உவப்பானதல்ல.

ஆர்.சி. உங்கள் பெயருக்கு மாறிவிட்டதா? அதோடு காப்பீட்டையும் மாற்றிக்கொள்ளுங்கள். அதற்குக் கைமாறிய நாளிலிருந்து 14 நாள்தான்.

சேலத்துச் சாலை:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். ஆர்.சி. மாறிவிட்டது. காப்பீட்டைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. அன்றே போய் எழுதிக் கொடுத்தேன்.

வேறொரு பட்டறையில், நான் பக்கத்திலேயே நின்று வேலை வாங்கினேன். பின் டிஃபரன்ஷியலின் அடி போல்ட்டைத் திறந்ததும் வந்தது எண்ணெய் அல்ல, பால் கூடிய காப்பி. கொல்லிமலை நண்பர் சொன்னபடியே எங்கோ ஓடையில் இறக்கியிருக்கிறார்கள். காற்றுப்போக்கிக் குழாயின் வாய் களிமண்ணால் அடைத்திருந்தது. சூடான அச்சு திடீரெனத் தண்ணீரில் குளிர்ந்தபோது, காற்றை இழுக்க வழியில்லாமல் ஆயில் சீல் வழியே தண்ணீரை உறிஞ்சியிருக்கும் என்று மெக்கானிக் விளக்கினார். போல்ட்டின் காந்த நுனியில் மெல்லிய சாந்துபோன்ற தூள்தான் இருந்தது, சில்லு எதுவும் இல்லை. புது எண்ணெய் ஊற்றி 300 கி.மீ. ஓட்டி, அதையும் வடித்துவிட்டு மறுபடி ஊற்றினோம். இரண்டாம் முறை வடித்தது தெளிவாக இருந்தது. முன் டிஃபரன்ஷியலிலும் டிரான்ஸ்பர் கேஸிலும் தண்ணீர் ஏறவில்லை.

பின் யூ ஜாயிண்டில் துருப்பொடி இருந்தது. மாற்றியாயிற்று, பெயிண்ட் கோடு போட்டுத்தான். ஸ்பேசர்களைக் கழற்றினோம். ஸ்டெப்னி உட்பட ஐந்தும் ஒரே அளவில், 235/65 ஆர்17, மண்ணுக்கும் தாருக்கும் பொதுவான ஏ.டி. வகையில் வாங்கினேன். பணத்தில் பாதிக்கு மேல் டயருக்கே போயிற்று. அதிர்வு 110 வரை இல்லை. டொக் சத்தம் வெறும் லிங்க் ராட் (முன் சஸ்பென்ஷனில் உள்ள சிறு இணைப்புத் தண்டு). அந்த மூன்றில் அதுவே மலிவானது. லோயர் ஆர்ம் புஷ்களும் பால் ஜாயிண்டுகளும் நல்ல நிலையில் இருந்தன.

போன சனிக்கிழமை குடும்பத்தோடு கொல்லிமலையின் எழுபது வளைவுகளும் டூ ஹையில் ஏறி இறங்கினோம். மேலே ஒரு தோட்டத்து மண்வழியில், உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு, ஃபோர் ஹை போட்டுப் பார்த்தேன். சத்தமின்றி இணைந்தது, தாருக்கு வந்ததும் சத்தமின்றி விட்டது. அம்மா நடுவில் ஒருமுறைகூட வண்டியை நிறுத்தச் சொல்லவில்லை.

கடைசியாக ஓர் ஐயம். பொங்கல் விடுமுறையில் திருச்செந்தூர் போகும்போது தேரிக்காட்டுச் செம்மணலில் கொஞ்சம் ஓட்டிப் பார்க்க ஆசை. காற்றை எவ்வளவு குறைக்க வேண்டும்?

தேரி மணல்:

என் ஊர்ப் பக்கம் வருகிறீர்கள், மகிழ்ச்சி. தேரியின் சில பகுதிகள் காப்புக்காடு. அவற்றுக்குள் வனத்துறையின் அனுமதி இல்லாமல் வண்டி நுழையக் கூடாது. ஊர்க்காரர்களிடம் கேட்டு, அவர்கள் காட்டும் வண்டித்தடத்தோடு நின்றுகொள்ளுங்கள்.

காற்றை 18 பி.எஸ்.ஐ. அளவுக்கு இறக்கலாம். அந்த நிலையில் வேகமாகத் திருப்பினால் டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடும், ஆகவே நிதானம் தேவை. மணலில் நிறுத்த வேண்டுமானால் பிரேக்கை அழுத்தாமல், ஆக்சிலரேட்டரை விட்டு வண்டியைத் தானே நிற்கவிடுங்கள். பிரேக் பிடித்தால் டயர் தன் முன்னால் தானே ஒரு மணல்மேடு கட்டிக்கொள்ளும். சக்கரம் ஓரிடத்தில் சுற்றத் தொடங்கினால் மேலும் மிதிக்காமல் வந்த தடத்திலேயே பின்னால் வாருங்கள். பாட்டரியில் மாட்டும் 12 வோல்ட் காற்றுப் பம்பு ஒன்று கையில் இருக்கட்டும். தாரில் ஏறும் முன், ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தாளில் உள்ள அளவுக்கு, ஒவ்வொரு டயருக்கும் ஐந்தாறு நிமிடம் ஆனாலும் பொறுமையாக நிரப்புங்கள். பஞ்சர் கடைவரை அப்படியே போய்விடலாம் என்று தோன்றும், போகாதீர்கள்.

ஓய்வுபெற்ற ஸ்பேனர்:

தம்பி, ஐந்து டயர் புதிதாக வாங்கியிருக்கிறீர்கள், ஸ்டெப்னியைத் தூங்கவிடாதீர்கள். 8,000 கி.மீ.க்கு ஒருமுறை அதையும் சேர்த்து ஐந்தையும் இடம் மாற்றிப் பூட்டுங்கள். நான்கு தேய்ந்து ஒன்று மட்டும் புதிதாக இருந்தால், பஞ்சரான நாளில் பழைய கதை மறுபடி தொடங்கும்.