கிங்டம் கம் டெலிவரன்ஸ்: இஷ்ட்வான் தோத்துக்கு என்னதான் வேண்டும்?

குதிரைக்காரன்:
கதை முடிவு வரை பேசப்போகிறேன், ஆடி முடிக்காதவர்கள் இப்போதே ஓடிவிடுங்கள். 2018-ல் வந்த இந்த வீடியோ கேமின் முதல் பாகத்தை நேற்றுதான் முடித்தேன். 1403-ல் ஹங்கேரி ராஜா சிகிஸ்மண்ட் பொஹீமியாவில் இருக்கும் ஸ்காலிட்ஸ் ஊரை ஏன் எரித்தான் என்பது புரிகிறது. பொஹீமியா ராஜாவான அண்ணன் வென்சஸ்லாஸைச் சிறைபிடித்தாகிவிட்டது, அடுத்து அண்ணன் பக்கம் நிற்கும் பிரபுக்களை அடக்க வேண்டும், போதாததற்கு அங்கே வெள்ளி வேறு கிடைக்கிறது. ஆனால் சிகிஸ்மண்டுக்காக வேலை செய்யும் இந்த வில்லன் தோத்? நல்லவன் வேஷம் போட்டுக்கொண்டே கள்ளக்காசு அடிக்கிறான், ரன்ட் மாதிரி கொள்ளைக்காரர்களை வைத்து நோய்ஹோஃப் பண்ணையில் வெட்டித் தள்ளுகிறான். சிகிஸ்மண்டிடமே அவ்வளவு பெரிய படை இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?

பழையகவசம்:
படை இருந்தால் போதுமா, சம்பளம்? கூலிப்படை காசு நின்ற அன்றே மூட்டையைக் கட்டிவிடும். அதனால்தான் செம்புக்கு வெள்ளி பூசி குரோஷன் என்ற வெள்ளிக்காசாகத் தள்ளிவிடுகிறான். பாதரசம் எங்கிருந்து வருகிறது என்று நாமும் ஊர் ஊராக அலைந்தோமே, அது இதற்குத்தான். எனக்குப் பிடித்தது வேறொன்று. பண்ணையைத் தாக்கியது ராஜாவின் படை என்றால் பிரபுக்கள் எல்லாம் ஒன்றுசேர்ந்துவிடுவார்கள், கொள்ளைக்காரன் என்றால் ஒவ்வொருவனும் தன் எல்லையை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அந்தப் பக்கத்துப் பிரபுக்களான ஹனுஷும் திவிஷும் முதலில் அப்படித்தானே இருந்தார்கள்?

தூங்காதவன்:
திட்டம் சரி, ஆனால் அவன் எஜமான விசுவாசி என்பதை நான் நம்பவில்லை. விரானிக் கொள்ளைக்காரர் முகாமில் நம்ம ஹீரோ ஹென்றியைக் கட்டிவைத்து, ஸ்காலிட்ஸ் பிரபு ராட்சிக்தான் உன் அப்பா என்று சொல்கிறானே, அதில் அவனுக்கு நயாபைசா லாபம் இல்லை. பிடிபட்டவன் முகம் மாறுவதைப் பார்க்க ஆசை, அவ்வளவுதான். அதே ஆள் தால்ம்பர்க் கோட்டை முற்றுகையில் தன் நெருங்கிய ஆள் எரிக் சிக்கியதும் பேரத்துக்கு இறங்கி வருகிறான் பாருங்கள். அங்கேதான் எனக்கு அவன் மேல் முதல்முறையாக ஒரு மரியாதை வந்தது, சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

பழையகவசம்:
மரியாதையா! போகும்போது ஹென்றியை வளர்த்த அப்பா செய்த வாளையும் அல்லவா தூக்கிக்கொண்டு போனான்.

குதிரைக்காரன்:
அந்த வாளுக்காகவே இரண்டாம் பாகம் ஆரம்பிக்கிறேன். அதில் அவன் என்ன ஆகிறான் என்று தயவுசெய்து யாரும் வாயைத் திறக்காதீர்கள்.