தலைமன்னார் பியர் நிலையம்: பூட்டனார் நடந்து வந்தாரா, கோச்சியில் வந்தாரா?

ஹட்டன் வாசகர் (கேள்வி)

எங்கள் வீட்டில் இரண்டு கதைகள் வழங்குகின்றன. தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து வந்த பூட்டனார், மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே நடந்து மலைநாட்டுக்கு வந்தார் என்பார் அப்பா. அம்மாயியோ, தான் சிறுமியாகத் தலைமன்னாரில் கப்பலை விட்டு இறங்கியபோது துறையிலேயே கோச்சி (புகையிரதம்) நின்றது என்று சொல்வார். நிலையம் கடலோரத்திலேயே இருந்திருந்தால் பூட்டனார் ஏன் நடந்தார்? அவருடையது என்று ஒரு தகர வில்லையும் பெட்டியில் இருக்கிறது. அதில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் பொறிக்கப்பட்டுள்ளன. அந்த நிலையத்தை ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும். இப்போது அங்கே புகையிரதம் போகிறதா?

மாத்தளை ஆசிரியர்

தம்பி, அவை இரண்டு வேறு காலத்துக் கதைகள். கோப்பிக் காலத்தில் வந்தவர்கள் தோணியில் மன்னார்க் கரைக்கு வந்து, மதவாச்சி, தம்புள்ளை வழியாக மாத்தளை வரை நடந்தார்கள். வாந்திபேதியாலும் பசியாலும் அந்த வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அப்பாதை கைவிடப்பட்டு, தூத்துக்குடியிலிருந்து நேரே கொழும்புக்குக் கப்பலில் ஆட்களைக் கொண்டுவரத் தொடங்கினார்கள். தலைமன்னார் நிலையம் பிறந்தது அதற்கும் பிறகுதான்: 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியபோது, மதவாச்சியிலிருந்து கடல் விளிம்பு வரை தண்டவாளமும் வந்து சேர்ந்தது. அக்கரையில் தண்டவாளம் குறுகிய மீற்றர் பாதை, இக்கரையில் அகலப் பாதை என்பதால், கடலில் பாலமே இருந்திருந்தாலும் ஒரே வண்டி ஓடியிருக்க முடியாது. அம்மாயி சொன்னது இந்தக் காலத்தைத்தான்.

எனக்கு நெருடுவது, தோட்டத்துக்கு வரும் ஆட்களுக்கு அடையாளமாகக் கொடுத்த அந்தத் தகர வில்லைதான். எழுத்து மாவட்டத்தையும் எண் தோட்டத்தையும் குறிக்கும்; வழிச்செலவு அந்தத் தோட்டத்தின் கணக்கில் எழுதப்படும். இந்த ஏற்பாடு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. ஆகவே வில்லை பூட்டனாருடையது என்றால் அவர் நடந்திருக்க வாய்ப்புக் குறைவு. அவர் நடந்தார் என்றால் வில்லை வேறொருவருடையது.

டிக்கோயா வாசி

வந்த கதையை மட்டும் பேசினால் அந்த நிலையத்தின் பாதிக் கதைதான் கிடைக்கும். 1964 ஒக்டோபரில் செய்யப்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி, இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்று முடிவாயிற்று. இரண்டு மாதம் முடிவதற்குள் டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்துவிட்டது. அதனால் நம்மவர்கள் தலைமன்னாரில் ஏறி இராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். பலருக்கு அடுத்த தங்கல் மண்டபம் முகாம். நான் சிறுவனாக இருந்தபோது ஹட்டன் நிலையத்தில், தகரப் பெட்டிகளுக்கும் பாய் மூட்டைகளுக்கும் நடுவே, வண்டி அசைந்த பிறகும் சன்னல் கம்பியைப் பிடித்த கையை விடாமல் ஓடியவர்களைப் பார்த்திருக்கிறேன். 'ராமானுஜம்' என்ற கப்பலின் பெயரைக் கேட்டாலே என் தாயார் பேச்சை மாற்றிவிடுவார். கலவரச் சூழலில் 1980களின் நடுப்பகுதியில் கப்பல் நின்றது; 1990இல் போர் புகையிரதத்தையும் நிறுத்தியது.

மன்னாரில் பணிபுரிந்தவர்

போக முடியும். இந்திய நிறுவனமான இர்கான் பாதையைப் புதிதாக அமைத்தது. 2013இல் மடு வீதி நிலையம் வரையிலும், 2015 மார்ச் 14 முதல் பியர் வரையிலும் வண்டி மீண்டும் ஓடத் தொடங்கியது. ஹட்டனிலிருந்து கொழும்பு வண்டியில் வந்து பொல்காவலையில் இறங்கித் தலைமன்னார் வண்டிக்கு மாறுங்கள். நேர அட்டவணை அடிக்கடி மாறுவதால் புறப்படுமுன் நிலையத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. 'தலைமன்னார்' என்ற பலகையைக் கண்டதும் இறங்கிவிடாதீர்கள். 'தலைமன்னார் பியர்' அதற்கு அடுத்த நிலையம், அத்துடன் பாதை முடிகிறது. பழைய இறங்குதுறை சிதைந்து நிற்கிறது. கப்பலை எதிர்பார்க்க வேண்டாம். 2023இல் தொடங்கிய சேவை நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையிலானது. கண்டியிலிருந்து தம்புள்ளை வழியாக பஸ்ஸில் வந்தால், ஆசிரியர் சொன்ன நடைவழியையும் பெருமளவு பார்த்துவிடலாம்.

ஹட்டன் வாசகர்

அனைவருக்கும் நன்றி. போகும்போது பஸ், திரும்பும்போது கோச்சி என்று முடிவு செய்திருக்கிறேன். ஆசிரியர் ஐயா எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, வில்லை பூட்டனாரின் தம்பியுடையதாகவும் இருக்கலாம் என்கிறார்.